பள்ளிச் சமையற்கூடச் சுவரில் ஜிப்சம் பூச்சைக் கொத்தி எடுத்த பிறகே டைல் ஒட்டக் கோருதல்

அனுப்புநர்:
எவாரிஸ்தோ ஷிக்காலே,
டைல் மேஸ்திரி,
சந்தைத் தெரு, சாந்தா இனேஸ் தெல் மோந்தே,
மெக்சிகோ.

பெறுநர்:
பொதுப்பணி இயக்குநர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சாந்தா இனேஸ் தெல் மோந்தே.

பொருள்: தொடக்கப் பள்ளிச் சமையற்கூடத்தில் டைல்கள் விழுவது, திங்கட்கிழமை தொடங்கும் மறுவேலையை நிறுத்தி வைப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி சமையற்கூடத்தில் ஏப்ரல் 24 முதல் 26 வரை டைல் ஒட்டியவன் நான். முப்பத்தொரு ஆண்டுகளாக இதுவே என் தொழில்.

2. அந்தச் சுவர்களுக்கு முதலில் பெயின்ட் அடிப்பதாகத்தான் திட்டம். அதனால் வீட்டுக் கூடத்துக்குப் பூசுவதுபோல் வழவழப்பாக ஜிப்சம் பூசியிருந்தார்கள். டைல் ஒட்டும் முடிவு பிறகு வந்தது. ஜிப்சம் ஆவியை உறிஞ்சி இளகும், டைலின் எடையைத் தாங்காது. அதைக் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும் என்று வேலையை மேற்பார்த்த பொறியாளர் பாலொமினோவிடம் சொன்னேன். குழந்தைகள் தினமான ஏப்ரல் 30 அன்று திறப்பு விழா. அவர் சொன்னது: "அதுக்கெல்லாம் நாள் இல்ல மேஸ்திரி. செவுரு எங்க ஓடியா போகப்போவுது? நீங்க ஒட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

3. ஒட்டினேன். தெரிந்தே ஒட்டினேன். அந்தக் குற்றத்தை மறுக்க இந்த மனுவை எழுதவில்லை.

4. மே 14 அன்று பிற்பகல் சமையற்காரர் தோன்யா ஃபிலோமெனா தொலைபேசியில் அழைத்தார். "மேஸ்திரி, உங்க டைலு பீன்ஸ் பானையில நீச்சல் பழகுது. கரையேத்த வர்றீங்களா, இல்ல உப்புப் போட்டு எறக்கிடட்டுமா?" என்றார். நானும் சிரித்தேன். போய்ப் பார்த்தபோதுதான் அவர் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஈரத்துணி சுற்றியிருந்தது தெரிந்தது. கொதிக்கும் பீன்ஸ் தெறித்திருக்கிறது. அதைப் பற்றித் தொலைபேசியில் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

5. அன்று விழுந்தவை நான்கு. மீதமிருந்த 208 டைல்களையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். 139 டைல்களில், சுவரின் பிடி விட்டதற்கு அடையாளமாக, பொள்ளலான ஓசை கேட்டது. அடுப்புக்கு நேர் மேலே உள்ள மூன்று வரிசைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுநாள் சமையற்கூடம் பூட்டப்பட்டது. பிள்ளைகள் இப்போது ரொட்டியும் பாலும் சாப்பிடுகிறார்கள்.

6. பசையைக் குறைவாகப் பூசியதே காரணம் என்று பொறியாளரின் அறிக்கை கூறுகிறது. விழுந்த நான்கையும் செய்தித்தாளில் சுற்றி இத்துடன் அனுப்பியுள்ளேன். பின்பக்கம் பாருங்கள்: பசை மூலைக்கு மூலை முழுதாக இருக்கிறது. அதன்மேல் வெள்ளைத் தோல்போல் ஒட்டியிருப்பது சுவரின் ஜிப்சம். பசை டைலை விடவில்லை. சுவர்தான் தன் பூச்சை விட்டுவிட்டது.

7. திங்கட்கிழமை வேறொரு மேஸ்திரி வருகிறார். அவரிடம் பேசினேன். நல்ல வேலைக்காரர். பழைய டைல்களைக் கழற்றிவிட்டு, பசையை இரட்டிப்பாகப் பூசி, அதே ஜிப்சத்தின்மேல் புதியவற்றை ஒட்டும்படி அவருக்கு உத்தரவாம். பசை கூடினால் எடையும் கூடும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. அடுப்பு தினமும் எரியத் தொடங்கிய பிறகு தெரியும். அப்போது அதன் முன் நிற்கப்போவது பொறியாளரோ நானோ அல்ல, தோன்யா ஃபிலோமெனா.

8. ஆகவே மறுவேலையை நிறுத்திவைத்து, தாங்களே நேரில் வந்து, தங்கள் முன்னிலையில் அடுப்புச் சுவரில் ஒரு முழம் கொத்திப் பார்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். கொத்தும் வேலையைக் கூலியின்றி நானே செய்கிறேன். ஜிப்சத்தைக் கொத்தி எடுத்துப் பூசும் சிமென்ட் காய மூன்று வாரம் ஆகும். அதுவரை பள்ளி முற்றத்தில் விறகடுப்பில் சமைக்கத் தயார் என்று தோன்யா ஃபிலோமெனா சொல்கிறார்.

9. நகராட்சி வேலைக்குரியோர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள் என்று அறிகிறேன். வருத்தம்தான். ஆனால் சுவரைக் கொத்தினால் அறிக்கையையும் மாற்ற வேண்டிவருமே என்று தயக்கம் வந்தால், அறிக்கை அப்படியே இருக்கட்டும். குற்றம் என் பேரிலேயே இருக்கட்டும். சுவரை மட்டும் கொத்திவிடுங்கள்.

சாந்தா இனேஸ் தெல் மோந்தே,
22 மே 2025.

பணிவுடன்,
(ஒப்பம்) எவாரிஸ்தோ ஷிக்காலே

இணைப்பு: டைல்கள் – 4