முசியே பார்க்காத அட்டவணை

முசியே,

இன்று காலை ஓர் அட்டவணையை அச்செடுத்து மேசையில் விரித்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வர்களுக்குப் புதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, ஏற்ற வேண்டும். அவற்றின் தரவெல்லாம் வேறோர் அறையிலிருக்கும் சேமிப்புப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியோடு பேச ஒவ்வொரு சர்வரிலும் டிரைவர் என்றொரு சின்ன மென்பொருள் உண்டு. எந்த டிரைவர் எந்தக் கெர்னலோடு சேரும் என்பதைத்தான் அட்டவணை சொல்கிறது. கெர்னல் எண்ணைக் கடைசிப் புள்ளி வரை ஒப்பிட வேண்டும், கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்கு உங்களுக்கு மனம் வராததால்தான் ஃபிலோமினாவின் வேலை போனது.

நீங்கள் போய்ச் சேர்ந்ததாகப் பிரான்சிலிருந்து கறுப்புக் கரை போட்ட அட்டை வந்தது. கடமை தவறாதவர் என்று உங்கள் பிள்ளைகள் அச்சடித்திருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிற நாகரிகம் எனக்கு இல்லை.

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் நாம் செய்தது ஒப்பந்த வேலை. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தோம். ஒரு யூனிக்ஸ் இயந்திரம், நான்கு திரைகள், தனியாக வாங்கி இணைத்த ஒரு பெரிய டிஸ்க். நீங்கள் மேலாளர். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் 'சார்' என்றால் உங்களுக்குக் காது கேட்காது, பிரெஞ்சில் 'முசியே' என்றால்தான் திரும்புவீர்கள். ஆனால் பதிவேட்டிலிருந்த பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒரு வரி படிக்க வராது. கருக்களாச்சேரியிலிருந்து வரும் ஃபிலோமினாதான் படிப்பார். இயந்திரத்தின் கையேடுகளையும் அவர்தான் படிப்பார். அவருடைய அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார், ஃபிலோமினாவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

யூனிக்ஸின் புதிய பதிப்பு, புதிய கெர்னலோடு, டேப்பில் வந்தது. அதை முதலாளி முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டுமென்று உங்களுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தீர்கள். நாள்காட்டியைக் கிழிக்காத குறையாகப் புரட்டினீர்கள். ராகுகாலம் பார்த்தீர்கள், குளிகை பார்த்தீர்கள், முதலாளியின் ராசிக்குச் சந்திராஷ்டமம் உண்டா என்றுகூடப் பார்த்தீர்கள். டிஸ்க்கோடு வந்த ஒற்றைத் தாள் அட்டவணையை மட்டும் பார்க்கவில்லை.

ஃபிலோமினா அதை உங்கள் மேசைக்கே கொண்டுவந்தார்.

"முசியே, டிஸ்க்கு கம்பெனிக்காரன் டிரைவர பழைய கெர்னலுக்குத்தாங்க எழுதியிருக்கான். புதுசு இந்தத் தாள்லயே இல்லைங்க. கம்பெனிக்கு எழுதிக் கேட்டுட்டு ஏத்துவோம்."

"டிஸ்க்கு அதேதானே? வயரு அதேதானே? அப்பறம் எப்படி சேராமப் போயிடும்? நல்ல காரியத்துக்கு முன்னாடி அபசகுனமா பேசாதம்மா."

"அப்ப டேப்புல ஒரு காப்பியாவது எடுத்து வச்சுடுறேங்க."

"அதெல்லாம் வெள்ளிக்கிழமை ஆகட்டும், பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, புதிய கெர்னலை ஏற்றினீர்கள். பழைய டிரைவர் அதில் அரைகுறையாகத் தொற்றிக்கொண்டது. டிஸ்க் தெரிந்தது, அதிலிருந்த பதிவுகள் தெரியவில்லை. டிஸ்க் காலியாக இருக்கிறது, புதிதாக அமைக்கட்டுமா என்று திரை கேட்டது.

"இல்லைன்னு குடுங்க, முசியே. பழைய கெர்னலப் போட்டா எல்லாம் அப்படியே இருக்கும்," என்றார் ஃபிலோமினா.

மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆமாம் என்று அமுக்கினீர்கள். ஏழு மாத உழைப்பு ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, நல்ல நேரத்திலேயே அழிந்தது.

இதுவரை நீங்கள் வெறும் முட்டாள். அதற்கு மேல் செய்தீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் மறக்கவில்லை. யார் அமுக்கியது என்று முதலாளி கேட்டார். "இந்தம்மாதாங்க. மெஷினு விவரமெல்லாம் இவங்கதான் பாக்குறது," என்றீர்கள், குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் உங்களுக்கு ஒரு முழம் தள்ளி, கற்பூரத் தட்டோடு நின்றிருந்தேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க. தட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஃபிலோமினா என்னைப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அன்றே போய்விட்டார். திங்கட்கிழமை அவருடைய நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க தம்பி, இனிமே இது உங்க எடம்," என்றீர்கள். நான் உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் தொடங்கியதுதான் என் பிழைப்பு. நான் கைவைத்த இடத்தில் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை என்று பேர் வாங்கியிருக்கிறேன். இந்தக் கவனத்தை எங்கே கற்றீர்கள் என்று சிலர் கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், அவ்வளவு கீழே நான் போகவில்லை. ஃபிலோமினாவின் பெயரையும் இதுவரை சொன்னதில்லை. சொன்னால், அவர் ஏன் வேலையை விட்டார் என்று அடுத்ததாகக் கேட்பார்கள்.