மேடையில் வராத பெயர்

ஆல்டன்மூஸ், பவேரியா
மார்ச், சனிக்கிழமை காலை

அன்புள்ள தம்பி கோர்பினியனுக்கு,

முதலில் உறுதியான செய்தி. நேற்று மாலை நோன்புக்கால பீர் விழாவில், உன் பழைய பீர் ஆலை முதலாளி ரைட்மாயர் இரண்டாவது குவளையைத் தொடவே இல்லை. சொன்னவள் முன்வரிசைக்குப் பரிமாறிய ஃப்ரோனி. நுரை அடங்கி அப்படியே திரும்பி வந்ததாம்.

சிலியில் வெயில் என்று எழுதியிருந்தாய். இங்கே பனி இன்னும் கரையவில்லை. பீர் கறுப்பாக, ரொட்டி மணத்தோடு, இரண்டு மடக்கிலேயே காதுமடலைச் சூடாக்கியது. உன் கை அதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது, மற்றவர்கள் குடித்தார்கள்.

துறவி அங்கி போட்டு ஊர்ப் பெரியவர்களைக் கிண்டலடிக்கும் பொறுப்பை விழாக் குழு இந்த வருடம் எனக்குக் கொடுத்தது. போன வருடம் இதே மேடையில்தான் உன்னை "குதிரை மூத்திரம் காய்ச்சுறவன்" என்றார்கள். நிலவறையில் இன்னும் கிடந்து முதிர வேண்டிய பீரைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக உன்னை இறக்கச் சொன்ன ரைட்மாயரே, தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த மாதமே நீ சிலிக்கு விமானம் ஏறினாய்.

அவரை உரித்துவிடுவேன் என்று ஊரே காத்திருந்தது. அவரும்தான். புதுக் கோட்டு, முன்வரிசை. "அடுத்தது நாமதான் பாரு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேயரைக் கிழித்தேன், பாதிரியாரைக் கிழித்தேன், பல் டாக்டரின் நாயைக்கூட விடவில்லை. ரைட்மாயர் என்ற பெயர் என் வாயில் வரவில்லை. அந்த மேடையில் திட்டு வாங்காதவனை இந்த ஊர் ஒரு ஆளாகவே மதிக்காது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். "என்ன வால்லி, நாய்க்கு இருக்கிற மதிப்புகூட எனக்கு இல்லையா?" என்றார்.

"நாய் தப்பு பண்ணா தலையைத் தொங்கப் போட்டுக்குது முதலாளி. அந்த பீரை யாரு இறக்கச் சொன்னான்னு நீங்களே மேடையேறிச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க, உங்களை எப்படிக் கிழிக்கிறேன்னு" என்றேன்.

கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் பனியில் இறங்கிப் போனார்.

விழாவின் இரண்டாம் மாலை வரும் வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்குள் பதில் சொல்வதாக மனைவி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுத்தால், நான் அங்கி போடும் வருடமெல்லாம் அவருக்கு இதே கதிதான்.

வெள்ளியன்று எங்கள் மாலை உனக்கு மதியம். வேலையில் இருந்தாலும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள், தம்பி. அவர் உன் பெயரைச் சொல்லும்போது மண்டபம் எப்படி இருக்கிறது என்று நீயே கேட்க வேண்டும்.

தலை நிமிர்ந்து நலமாக இரு.

உன் அக்கா,
வால்பூர்கா