ஏரி இருந்த இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம்

என் அன்புக்குரியவளுக்கு,

நம் குடியிருப்புக்குப் பேருந்து வந்துவிட்டது. "ரெண்டே மாசத்துல வந்துடும்" என்று சொல்லித்தானே உன்னை இங்கே குடிவைத்தேன்? "ஏரியைத் தூர்த்த பொட்டல், இங்க மனுஷன் இருப்பானா?" என்று நீ பெட்டியோடு கிளம்பி ஆறு வருஷமாகிறது. இப்போது மருந்துக்கடை, நூலகம், பூங்கா எல்லாம் இருக்கின்றன. நீ நட்ட மரம் மூன்றாம் மாடியில் நம் ஜன்னலை எட்டிவிட்டது.

பனிக்காலையில் கட்டடங்கள் இன்னும் தண்ணீரில் மிதப்பது போலவே தெரியும். ஒரு கொக்கு தினமும் வந்து, ஏரி இருந்த ஞாபகத்தில், பூங்காப் புல்லில் ஒற்றைக் காலில் நிற்கும். "இதுக்கு யாராவது விஷயத்தைச் சொல்லுங்கப்பா" என்பார் காவலாளி.

நம் வாசலுக்கு எதிரேதான் நிறுத்தம். சாயங்கால வண்டி ஐந்தரைக்கு. நேற்று நடத்துனர் கேட்டார்: "தினமும் நிக்கிறீங்க, ஏறவே மாட்டேங்கிறீங்களே சார்?"

"வண்டி நேரத்துக்கு வருதான்னு பாக்குறேன்" என்றேன்.

கடைசி ஆளும் இறங்கிவிட்டார். விசிலை வாயில் வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஊதவில்லை. காலியான படியை நாங்கள் இருவரும் இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ வைத்த பெயரிலேயே,
பொட்டல்காட்டு ராஜா