கட்டிங் மாஸ்டர் வரைந்த குடும்பப் படம்

திருப்பூர்
4.12.1994

அன்பு மகள் ரங்காத்தாளுக்கு அப்பா சாமியப்பன் சொல்லி எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் காலையில் நான் எழுந்து அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரன்கள் இருவரும் அந்தப் பிலாய்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்தால் மனம் நிம்மதியாகும். கடிதம் நீளமாக இருப்பதைப் பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. எனக்கு எழுத வருவதெல்லாம் எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்ற பனியன் சைஸ்தான் என்பது உனக்குத் தெரியும். இதுவரை இந்த முதியோர் இல்லத்துக் கிளார்க் எழுதித் தந்தார், நான் பத்து வார்த்தை சொன்னால் இரண்டு எழுதுவார். இப்போது எழுதுவது நூர்ஜான், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் கற்றுத்தர வரும் ரஹ்மத்துன்னிசா டீச்சரின் மகள். நூலகப் புத்தகம் ஒன்று கக்கத்தில் இல்லாமல் வரமாட்டாள். நான் பேசுவதை நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், “நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட உடமாட்டனுங் தாத்தா” என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

செப்டம்பரில் இங்கே வந்த முதல் வாரத்தில் கிளார்க் கையால் உனக்கு ஒரு கடிதம் போட்டேனே, இங்கே இருக்க முடியாது, வந்து கூட்டிப்போ என்று. அதைப் பார்த்து நீ அழுததாகவும், மாப்பிள்ளை குமாரவேல் குவார்ட்டர்ஸ் வராண்டாவை அடைத்து எனக்கென்று ஒரு அறை கட்டுவதாகவும், ஜனவரி பத்தாம் தேதி வந்து பொங்கல் முடிந்ததும் கையோடு அழைத்துப்போவதாகவும் எழுதியிருந்தாய். வார்டனிடமும் சொல்லிவிட்டேன். என் அறைக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம், வருகிற பதினைந்தாம் தேதிக்குள் போவதா இருப்பதா என்று முடிவாகச் சொல்லச் சொல்கிறார். அதற்காகத்தான் இந்தக் கடிதம், அதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இல்லத்தை நடத்துகிறவர்கள் புதிதாக ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறார்கள். புதன்கிழமை பாட்டு, வெள்ளிக்கிழமை கும்மி, ஞாயிற்றுக்கிழமை ஓவியம். எது வேண்டுமானாலும் சேரலாம், சேராமலும் இருக்கலாம். இந்த வயதில் ஸ்லேட்டுப் பலகை எதற்கு என்று நான் இரண்டு ஞாயிறு அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பக்கத்து அறை நஸ்ருதீன் பாய் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். முப்பது வருடம் சாயப்பட்டறையில் இருந்தவர், வண்ணப் பெட்டியைப் பார்த்ததும், “எல்லாம் வெளுத்துப்போற சாயமுங்க, ஒரு சலவைக்குத் தாங்காது” என்று டீச்சரிடமே சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டு, அவரவர் குடும்பத்தை வரையுங்கள் என்று ஆளுக்கு ஒரு பெரிய தாளைக் கொடுத்தார்கள்.

எனக்குப் பென்சில் பிடிக்கப் பயமில்லை, நாற்பத்தொரு வருடம் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டவன்தானே. உன் அம்மா பழனாத்தாளை முதலில் வரைந்தேன். அவள் தோளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாள் மிச்சமிருந்தது, அதில் மாப்பிள்ளையைத் தலைகீழாக வைத்தால் சரியாகப் பொருந்தியது. அவருடைய இரண்டு காலுக்கு நடுவில் சின்னவன், இவன் கைக்கு அடியில் பெரியவன் படுத்தவாக்கில். கடைசியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகவில்லை என்று எனக்கு ஒரே திருப்தி, தாளைத் தூக்கிக் காட்டினேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த வேலாத்தாள் இங்கேதான் இருக்கிறார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “ஏனுங் மாஸ்டரே, மாப்பிள்ளைய எதுக்குங்க வௌவாலாட்டத் தொங்க உட்டிருக்கறீங்க?” என்றார். அப்புறம்தான் நானே பார்த்தேன். பனியனின் முன்பாகம் பின்பாகம் கை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி அடுக்கித் துணி மிச்சம் பிடிக்கிற பழக்கத்தில் சொந்தக் குடும்பத்தையே அப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். “பாதிப் பேரை எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பறாராட்ட இருக்குதுங்க” என்று பாய் ஒரு போடு போட்டார், கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது அம்முணி, உன் அம்மா போனபிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். டீச்சர் மட்டும் சிரிக்காமல் அதைக் கொண்டுபோய் உணவுக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். “பேப்பர் வீணாப்போனாப் போவுதுங்க மாஸ்டர், வெறும் எடமும் படந்தானுங்க” என்றார்கள். அது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

அதிலிருந்து ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. நடுவில் புதன்கிழமைப் பாட்டுக்கும் போய்ப் பார்த்தேன், என் குரலைக் கேட்ட வேலாத்தாள் இது டேமேஜ் பீஸ் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜனவரி எட்டாம் தேதி எல்லாருடைய படங்களையும் கூடத்தில் மாட்டி, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறோம். இருபத்திரண்டு பேர் படங்களை எந்தச் சுவரில் எப்படி வைப்பது என்ற பொறுப்பு என்னுடையது. தலைகீழாக மட்டும் வேண்டாம் என்று வார்டன் சொல்லியிருக்கிறார்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் பிலாய்க்கு வரவில்லை கண்ணு. இந்த வரியை எழுதச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன்மேல் கோபம் என்றோ மாப்பிள்ளை வீட்டில் இருக்கக் கூச்சம் என்றோ நினைக்காதே. நீ சின்ன வயதில் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது பார்த்திருப்பாய், ரோலில் இறுகச் சுற்றி வந்த துணியைப் பிரித்து டேபிளில் விரித்தால் நான் உடனே கத்தி வைக்கமாட்டேன், ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவேன். துணி தன் போக்கில் அடங்கவேண்டும். ஷிப்மெண்ட் அவசரம் என்று முதலாளியே வந்து நின்றாலும் விட்டுக்கொடுத்ததில்லை. அடங்காத துணியை வெட்டித் தைத்தால் தொண்ணூறு சைஸ் ஒரே சலவையில் எண்பத்தைந்தாகிவிடும். அப்படிப்பட்ட நான், வந்த நாலாம் நாளே அவசரப்பட்டு அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. மாப்பிள்ளை கட்டிய அறையை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது, பெரியவன் படிக்க வைத்துக்கொள்ளட்டும், வெயில் காலத்தில் நான் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் பதினைந்தாம் தேதிக்குள் தந்தி கொடு, மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறேன். சம்மதம் என்றாலும் ஒரு வரி எழுது.

ஆனால் பொங்கலுக்கு நீங்கள் வருவதை மாற்றவேண்டாம். முடிந்தால் ஏழாம் தேதியே வந்துவிடு. காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் இரண்டு டின் வாங்கி வைத்திருக்கிறேன். பையன்களுக்கு அங்கே பனியன் எடுக்காதே, இங்கே ஒரு சைஸ் கூடுதலாக எடுத்துத் தருகிறேன். குடும்பப் படத்தை மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறேன், இந்தத் தடவை எல்லாரும் நேராக நிற்கிறார்கள். முதல் படத்தில் உன்னைக் காணோமே என்று டீச்சர் கேட்டபோது, இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மை அதுவல்ல. உன்னைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது, கையில் இருப்பது கல்யாணப் போட்டோதான், இப்போது எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் கோடு போடக் கை வரவில்லை. வந்ததும் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் என் எதிரில் உட்காரவேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்.

நீயும் உன் வீடும் குறையில்லாமல் நன்றாக இருக்கவேண்டும், பேரன்கள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமியப்பன்

ரங்காத்தாள் அக்காவுக்கு: முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டேன், தாத்தா எதையும் மாற்றச் சொல்லவில்லை. புதுப் படத்தில் உங்களுக்கு விட்டிருக்கும் இடத்தை என் ஸ்கேலால் அளந்தேன், பதினெட்டு சென்டிமீட்டர் உயரம், ஒன்பது அகலம். அதில் ஒரு தென்னை மரமாவது வைக்கலாமே என்று நஸ்ருதீன் தாத்தா கேட்டார். “அதுக்கு ஆளு வருதுங் பாய்” என்று உங்கள் அப்பா சொல்லிவிட்டார்.
நூர்ஜான், IX-ஆ பிரிவு.