துவக்குக்கு வைத்த பொட்டு

ரூ லூயி-பிளாங்க் தெருவில் நாம் வழக்கமாக உட்காரும் தேநீர்க் கடையில் இன்று ஆயுத பூசை. கல்லாப்பெட்டிக்கும் தேநீர் ஆற்றும் குவளைக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு கடதாசித் தட்டில் அவலும் அவித்த கடலையும் வந்தன. சந்தனமும் கடலையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் துவக்கு ஞாபகம் வந்தால் வேறென்ன செய்வது?

தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலுக்கு வந்துபோகிற நம் ஆட்களில் வேட்டை அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவன் எனக்குத் தெரிய நீ ஒருவன்தான். நீ சமைத்த உணவகத்தின் பிரெஞ்சு முதலாளி உன்னைக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். வயது போனபிறகு தன் இரட்டைக்குழல் துவக்கை முறைப்படி உன் பெயருக்கு மாற்றியும் தந்தார். கார்ஜ் லே கொனெஸ் புறநகரில் உன் வீட்டு அறையில், இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாய். நீ பன்றி சுட்டதாக நான் ஒருநாளும் கேள்விப்படவில்லை. எண்ணெய் பூசித் துடைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

அமெரிக்காவில் எங்காவது ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுட்டான் என்று செய்தி வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சண்டை.

"பிழை துவக்கிலை இல்லை மச்சான். கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் விக்கிறதிலைதான் பிழை. இஞ்சை பார், சோதினை இருக்கு, டொக்டரின்ரை கடிதம் இருக்கு, பூட்டு இருக்கு. என்னைப்போல ஒழுங்கான ஆளிட்டை இருந்தால் என்ன?"

"சுட்டவனும் முதல்நாள்வரைக்கும் ஒழுங்கான ஆள்தான்."

"அப்ப கத்தியையும் தடை செய்யச் சொல்லன். குசினியிலை என்னட்டை பன்ரண்டு கத்தி கிடக்கு."

"கத்தியோடை வாறவனிட்டையிருந்து ஓடித் தப்பலாம்."

"உன்ரை முழங்காலோடை நீ கரண்டியிட்டையிருந்தும் தப்பமாட்டாய்."

கடை முழுக்கச் சிரிக்கும். பகிடிக்குப் பதில் பகிடி சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நியாயம்தான் வரும். போர்க்காலத்தில் ஊரில் எத்தனை தரப்பு துவக்கு வைத்திருந்தது என்று எண்ணிப் பார்த்தவன் நான். யார் கையில் இருந்தாலும் அதற்கு முன்னால் நின்றது நாங்கள்தான். அதை விளங்கிக்கொள்ள எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பத்திரிகை படித்தேன். துப்பாக்கிச் சட்டம் பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் வெட்டிக் கோப்பில் சேர்த்தேன். அப்படியிருந்தும் நமது ஊர்ச் சங்கம் இதைப் பற்றிக் கலந்துரையாடல் வைத்தபோது உனக்கு எட்டு நிமிடம் தந்தார்கள், எனக்கு மூன்று. அந்த அநியாயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ உன் எட்டிலும் கரண்டிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாய்.

அதே சங்கம்தான் உன்னையும் நோகடித்தது. உன் மனைவி இறந்த வருடம், கோடை முடியும் தறுவாயில் நடந்த பொதுக்கூட்டத்தில், ஆண்டு விழாச் சமையலை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். இருபது வருடம் அந்தக் கிடாரத்துக்கு முன்னால் நின்றவன் நீ. "அண்ணை ஆறுதலாக இருக்கட்டும் எண்டுதான்," என்றார் தலைவர். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ எழும்பினாய். "உங்களை எல்லாம் வரிசையிலை நிப்பாட்டிச் சுடவேணும்," என்றாய்.

மண்டபம் சிரித்தது. நம்மிடையே அது ஒரு சாதாரண ஏச்சு. பஸ் பிந்தினாலும் சொல்வோம், கறியில் உப்புக் கூடினாலும் சொல்வோம். நான் சிரிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். எழும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "அலுமாரிச் சாவியை என்னட்டைத் தா," என்றேன்.

"உனக்கென்ன விசரே? இது எல்லாரும் சொல்லுறதுதானே."

"எல்லாருக்கும் வாய் மட்டுந்தான் இருக்கு. உனக்கு வாயும் இருக்கு, துவக்கும் இருக்கு."

நீ வெளியே போனாய். நாற்பது வருடச் சிநேகிதனைச் சபையில் கொலைகாரன் ஆக்கிவிட்டேன் என்று தலைவர் என்னைக் கடிந்துகொண்டார். மூன்று பேர் அன்றோடு என்னுடன் கதைப்பதை விட்டார்கள். ஏழு ஞாயிறு நீ கடைக்கு வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் நீ மறுநாளே வந்திருப்பாய். கேட்கவில்லை. சாவி வேண்டும் என்று நான் சொன்னது சரிதான். ஆனால் உன்னை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எட்டாம் ஞாயிறு வந்தாய். கதிரையை இழுத்து உட்கார்ந்து என் தேநீரை எடுத்துக் குடித்தாய்.

"பொலிசுக்கு ரெலிபோன் எடுத்திட்டன். செவ்வாய்க்கிழமை வீட்டை வந்து கொண்டுபோகினமாம். நீயும் வந்து நில். பிறகு நம்பமாட்டாய்."

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் அதிகாரியும் ஓர் ஆணும் வந்தார்கள். நீ அலுமாரியைத் திறந்தாய். அந்த அம்மா இரண்டடி பின்னால் போனார். துவக்கின் கட்டையிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

"மிஸ்யூ, இது இரத்தமா?"

முதல்நாள் ஆயுத பூசை. கடைசித் தடவை என்று நீ தாராளமாகக் குங்குமத்தைக் குழைத்து வைத்திருந்தாய்.

"இல்லை மதாம், கடவுள்," என்றாய் நீ பிரெஞ்சில்.

அவருடைய கை இடுப்புப் பட்டிக்குப் போனது. உதவி செய்வோம் என்று நான் என் அகராதிப் பிரெஞ்சில், "நேற்று இதற்குத் திருவிழா," என்றேன். மற்ற அதிகாரியின் கையும் இடுப்புக்குப் போனது. நல்லவேளை, நீ அவர்களைக் குசினிக்குக் கூட்டிப்போனாய். பன்னிரண்டு கத்தியிலும் பொட்டு. தேங்காய்த் துருவலையில், சோறு அவிக்கும் பெட்டியில், மைக்ரோவேவில், தொலைக்காட்சி ரிமோட்டில் எல்லாம் பொட்டு. அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ரிமோட்டைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கினார். போகும்போது இருவர் கையிலும் நீ கடலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினாய். துவக்கைக் கொண்டுபோன மனிதர் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர்கள் லிஃப்டில் இறங்கியபிறகு நீ சொன்னாய்: "எழுதி வை. நான் குடுத்தது உன்ரை நியாயத்துக்காக இல்லை. என்ரை நியாயம் இப்பவும் சரிதான்."

"அப்ப ஏன் குடுத்தனீ?"

வெறும் அலுமாரியைப் பூட்டிக்கொண்டே பதில் சொன்னாய். "அண்டைக்கு எல்லாரும் சிரிச்சவை. நீ ஒருத்தன்தான் நான் சொன்னதை உண்மையெண்டு எடுத்தனீ. அவள் போனாப் பிறகு ரெண்டு தரம் இதைத் திறந்து வச்சுக்கொண்டு முன்னாலை இருந்தனான்."

"துடைக்கவோ?"

"துடைக்க இல்லை."

பிறகு நீ, "வா, கடலை மிச்சம் கிடக்கு," என்றாய்.

அதன்பிறகு நாலு வருடம் இருந்தாய். அந்த நாலு வருடமும் துவக்கு இல்லாமலே துவக்குக்காக வாதாடினாய். மாசியில் நெஞ்சுவலி உன்னை நித்திரையில் கொண்டுபோகும்வரைக்கும் ஓர் அங்குலம் இறங்கி வரவில்லை. நானும் இறங்கவில்லை. வீட்டில் துவக்கு வேண்டாம் என்பதுதான் இன்றைக்கும் என் பேச்சு. கோப்பும் தடித்துக்கொண்டு போகிறது.

ஆனால் நான் உண்மையில் கொண்டு திரிவது அந்தக் கோப்பை அல்ல, நீ அலுமாரியைப் பூட்டிக்கொண்டே சொன்ன அந்தப் பதிலைத்தான். போன கிழமை வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எதிரே நம் ஆள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தொலைபேசியில் தன் முதலாளியையும் கூட்டாளிகளையும் ஏசிக்கொண்டிருந்தார். "எல்லாரையும் சுட்டுப்போட்டு நானும் போவன்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"தம்பி, வீட்டிலை துவக்கு ஏதும் வச்சிருக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"ஐயாவுக்கு விசரோ?"

"ஓம். இருக்கோ, இல்லையோ?"

"இல்லை ஐயா. கோவத்திலை சொன்னது."

"அப்ப கோவத்தைச் சொல்லும். எனக்கு வேறை வேலை இல்லை."

முறைத்துப் பார்த்தார். யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். சென் தெனி நிலையம் வந்தது. அவர் இறங்கவேண்டிய இடம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கதவு மூடியது, ரயில் கிளம்பியது, அவர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.