மலாயில் வலிக்காத நெஞ்சு

என் பாசமான சண்டைக்காரச் சித்தப்பாவுக்கு,

நீங்கள் மரியாதை பார்த்துச் செத்தீர்கள். சான்றிதழில் இதயக் கோளாறு என்று போட்டிருக்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

அன்று காலை குனோங் ராபாட் வீட்டில் நீங்கள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்கே கேட்டது. "நெஞ்சுல லாரிய ஏத்தி நிறுத்தின மாதிரி இருக்குடி! செத்துருவேன் போல!" என்று சித்தியிடம் கத்தினீர்கள். அப்பா உங்கள் இருவரையும் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிப் போனார். அவர் திரும்புவதற்குள் உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. எங்கே வலி, எவ்வளவு வலி என்று டாக்டர் மலாயில் கேட்டாராம். நீங்கள் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சிக்கிட் சாஜா, டாக்டர். போலே தஹான்," என்றீர்களாம். கொஞ்சம்தான், தாங்கிக்கலாம். பக்கத்திலிருந்து சித்தியும் தலையாட்டினாராம். வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "உசுரு போவுது, மெல்ல ஓட்டுண்ணே!" என்று மறுபடி தமிழில் ஆரம்பித்தீர்கள். அந்த வாரம் முடியவில்லை, நீங்கள் முடிந்துவிட்டீர்கள்.

காரியம் முடிந்த பிறகு சண்டை போடுவதற்காகவே அந்த டாக்டரைத் தேடிப் போனேன். போய்ப் பார்த்தால் நம்ம பொண்ணு. என்னைவிடச் சின்னவள். "அங்கிள் நல்லா தெளிவா மலாய்ல சொன்னாருக்கா, கொஞ்சம்தான் வலின்னு. டியூட்டில எனக்கும் மலாய்தான் வாய்ல வருது," என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கொண்டுபோன சண்டையை நான் என்ன செய்ய? ஒரு அறைக்குள் மூன்று தமிழர்கள் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மலாயில் மரியாதை செய்துகொண்டு, ஒரு ஆளைக் கொன்றிருக்கிறீர்கள்.

நான் படிப்பதும் இதைத்தான் என்பதுதான் கொடுமை. ஒரே கேள்வியைத் தாய்மொழியில் கேட்டால் மனிதன் ஒரு மாதிரி முடிவெடுக்கிறான், வேறு மொழியில் கேட்டால் வேறு மாதிரி முடிவெடுக்கிறானா? இதுதான் என் முதுகலை ஆய்வு. நீங்கள் சொந்தக்காரர்களிடம் இதை எப்படி விளக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். "எங்கண்ணன் பொண்ணு மூளையப் பத்தி படிக்குது. முடிச்சா தஞ்சோங் ரம்புத்தான்ல வேலை உறுதி." அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் டாக்டராகவா, நோயாளியாகவா என்று சுங்கை சிப்புட் மாமா கேட்டாராம். "எதுவா இருந்தாலும் கவர்மெண்ட்தானே லா," என்றீர்களாம்.

முதல் ஆளாக உங்களைத்தான் உட்கார வைத்தேன். பிரேக் பிடிக்காத லாரி. நேராகப் போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர் சாவார். என்ன செய்வீர்கள்?

"எவன் லாரி?" என்றீர்கள்.

"அது முக்கியமில்ல, சித்தப்பா."

"முக்கியமில்லையா? சர்வீஸ் பண்ணாம லாரிய ரோட்டுல விட்ட தவுக்கே, அந்த மொதலாளி யாரு? அவனை மொதல்ல கொண்டாந்து நடுவுல நிறுத்து. அந்த அஞ்சு பேரும் ரோட்டுல என்ன பண்றானுங்க, கல்யாணமா?"

காலமெல்லாம் கல்லுமலையிலிருந்து கல் லாரி ஓட்டி இறக்கிய மனிதரிடம் இதைக் கேட்டது என் புத்தி. கைப் பிரேக், கியர், சாலையோர மண்மேடு என்று பாடம் நடத்திவிட்டுக் கடைசியில், "என் லாரில எவனும் சாகமாட்டான், எழுதிக்க," என்றீர்கள்.

அடுத்த வாரம் இதே கேள்வியை என் தோழி ஐனா உங்களிடம் மலாயில் கேட்டாள். நீங்கள் சவரம் செய்துகொண்டு வந்திருந்தீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஈக்குட் போஸ் லா, டிக்," என்றீர்கள். முதலாளி சொல்றபடிதான், தங்கச்சி. முதலாளி திருப்பச் சொன்னால் திருப்புவேன், நேரே போகச் சொன்னால் போவேன். அவ்வளவுதான். எங்கே போனார் என் சண்டைக்காரர்?

பேராசிரியர் உங்கள் இரண்டு குரல் பதிவுகளையும் கேட்டுவிட்டு மகிழ்ந்தார். "அருமை. இரண்டாம் மொழியில் உணர்ச்சியிலிருந்து ஒரு தூரம் கிடைக்கிறது." தூரம் இல்லை சார், பயம் என்றேன். "பயத்துக்கு நம்மிடம் அளவுகோல் இல்லையே," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் யாரும் கவர்மெண்ட் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னாலிருந்து 'மறுபடியும் வா' என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், வலிக்கு விலை இருந்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது உடம்பு முடியலை என்றால் அன்றைய சம்பளம் கிடையாது. பிறகு தோட்டத்தை விற்றார்கள். உங்களிடம் எந்த மொழியிலும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. டவுனுக்கு வந்த பிறகு நீங்கள் மலாய் பேசிய இடங்களை எண்ணிப் பார்த்தேன். போலீஸ் ரோட்பிளாக், லைசென்ஸ் ஆபீஸ், பில் கட்டவில்லை என்று வீட்டுத் தண்ணீரை வெட்டிய நாள். இப்படி ஒரு மொழியில் மனிதனுக்கு நெஞ்சு எப்படி வலிக்கும்?

சரி, இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சித்திக்கு மூச்சு வாங்குகிறது. மாடி ஏறினால் இடது கை மரத்துப்போகிறது. வீட்டில், "மார்ல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க, பவி," என்கிறார். கிளினிக்கில், "ஓகே, டாக்டர், ஓகே." நானே சண்டை பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

வீட்டில் ஒத்திகை வைத்தேன். நான் டாக்டர். மலாயில் கேட்டேன், மக்சிக், அதாவது ஆன்ட்டி, என்ன உடம்புக்கு? சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமில்லை டாக்டர் என்றார். பிறகு, "டாக்டர் சாப்பிட்டாச்சா?" என்றார்.

"சித்தி, தமிழ்லயே சொல்லுங்க, நான் மலாய்ல சொல்றேன்."

"தமிழ்ல பேசினா எனக்குச் சத்தம் வந்துரும்டி. அங்க போய் கத்தலாமா?"

அதற்கு மேல், உங்களைக் கேட்காமல் வரமாட்டாராம். உங்கள் படத்துக்கு முன்னால் பூப் போட்டுப் பார்த்தார். இரண்டு பொட்டலம். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். என்னை எடுக்கச் சொன்னார். சிவப்பு. "அவருக்கு இன்னும் காப்பி வைக்கல. காப்பி குடிக்காம சொன்னது கணக்கில்ல." காப்பி வைத்தோம். மறுபடி சிவப்பு. "ஒன் கை ராசி சரியில்ல." தானே எடுத்தார், வெள்ளை வரும்வரை எடுத்தார். "பாரு, வேணாங்கிறாரு." ஆய்வில் இப்படிச் செய்தால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள் சித்தி என்றேன். "புருஷன் பொஞ்சாதி விஷயம், நீ பேசாத," என்றார்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த முறை அறைக்குள் நானும் போவேன். சித்தி ஓகே என்றால் இல்லை என்பேன். டாக்டர் நம்ம ஆளாக இருந்தால் வாயைத் திறக்கும்போதே தமிழில் திறப்பேன். வெளியே போ என்றால் போகமாட்டேன். ஆய்வு முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிற உங்கள் குரல் பதிவையும் யாரும் அழிக்க விடமாட்டேன். பயத்துக்கு அளவுகோல் இல்லை என்றால் நானே ஒன்று செய்துகொள்கிறேன்.

ஆனால் சித்தியைக் காரில் ஏற்றுவது என்னால் ஆகவில்லை. அப்பா எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சித்தி நல்ல சேலை கட்டி, கைப்பையோடு உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எதிரே மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போகச் சொல்லுங்கள், சித்தப்பா. உயிரோடு இருந்தபோது ஒரு வேலையும் இல்லாமல் எத்தனை கத்தினீர்கள்! இப்போது ஒரே ஒரு தடவை. அவர் காதில் விழுகிற மாதிரி. சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
பவித்ரா