இருநூற்று நாற்பது பாகங்கள்

1.10.91, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டிராயிங் ஆபீஸில் எல்லார் முன்னாலும் மேனேஜர் வெங்கடேசன் சாரிடம், "முழு ஆர்டரும் அரை மணி நேரம் சார்" என்று சொல்லிவிட்டேன். இருநூற்று நாற்பது தகட்டுப் பாகங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது துளைகள். எந்தத் துளை எங்கே என்று கம்ப்யூட்டரே பட்டியல் போட, லிஸ்ப் மொழியில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். இருபது பாகங்களுக்கு இரண்டு நிமிடம் ஆனது. அப்படியானால் இருநூற்று நாற்பதுக்கு இருபத்துநான்கு. கணக்கு சரிதானே?

3.10.91

சரியில்லை. முழு ஆர்டரையும் ஓட்ட நான்கு மணி நேரம் நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது.

4.10.91

சார் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கஸ்டமர் தெனமும் ஒரு அளவை மாத்தறான். ஒவ்வொரு வாட்டியும் அஞ்சு மணி நேரம் கரண்ட் போவாம காவல் இருக்க முடியுமா காவேரி? பத்தொம்பதாம் தேதி வரைக்கும் டைம். நீ சொன்ன அரை மணியில முடிஞ்சா பர்மனென்ட். இல்லன்னா டிரையலுக்கு வந்த கம்ப்யூட்டர் திரும்பிப் போவும். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

இந்த வேலைக்காக மூன்று வருடம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். "பொம்பளைக்கு டிராயிங்கா" என்று எத்தனை பேர் கேட்டார்கள். மறுபடியும் அதே படிகளா?

8.10.91

புரோகிராமில் நீளமான பெயர்கள் கம்ப்யூட்டரின் நினைவில் இடத்தை அடைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் சுருக்கினேன். விளக்கத்துக்கு எழுதியிருந்த வரிகளையும் எடுத்தேன். இப்போது எழுதிய எனக்கே புரியவில்லை. மிச்சமானது ஆறு நிமிடம்.

11.10.91

இருநூற்றுப் பதினோராவது பாகத்தில் நின்றுவிட்டது. ஒரு அளவை மேற்கோள் குறிக்குள் அடித்திருக்கிறேன்; எண்ணாக இருக்க வேண்டியது எழுத்தாகிவிட்டது. இந்த மொழி அதை முன்கூட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் முரண்டு பிடிக்கும். மூன்றே முக்கால் மணி நேரம் போச்சு. திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன் — கரண்ட் போனது.

14.10.91

வல்லக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். யார் கேட்டாங்க என்னை? கம்முனு முன்ன மாதிரி கையால படம் நகலெடுத்து டிரேசிங் பண்ணிக்கினு இருந்திருக்கலாம்ல. இன்னும் அஞ்சே நாள்.

17.10.91, வியாழன்

நேற்று எழுதவில்லை. ஆயுத பூஜை. கம்பெனியில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், தொடக்கூடாது. வீட்டில் பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் பூஜையில். இருக்கிற நாட்களில் ஒன்று வீணாகிறதே என்று எரிச்சலில் வெந்துகொண்டிருந்தேன். கடைசியில் அடுக்களையிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளி வந்து, தரையில் உட்கார்ந்து புரோகிராமை நானே ஓட்டினேன். ஒரு கொட்டை ஒரு துளை.

பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் லிஸ்ப் பழைய வரிசையில் கை வைக்காது. பக்கத்தில் முழு வரிசையையும் புதிதாக அடுக்கி, அதன் முடிவில்தான் புதியதை வைக்கும். அப்படியே செய்தேன். பன்னிரண்டு துளைகளுக்கு எழுபத்தெட்டு கொட்டைகள். கையிலிருந்தது தீர்ந்துபோனது, இடுப்பு வலித்தது. என் ஆர்டரில் துளைகள் ஒன்பதாயிரத்து அறுநூறு.

ஏன் கடைசியில் சேர்த்தேன்? டிராயிங் ரிஜிஸ்டரில் புதியதைக் கடைசி வரியில் எழுதியே பழகிய கை. நடுவிலோ மேலேயோ எழுதினால் திட்டு விழும். லிஸ்ப்பில் முன்னால் வைப்பதுதான் சுலபம்; பழைய வரிசையைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டே போய், முடிவில் ஒரே ஒரு முறை தலைகீழாகத் திருப்பினால் தீர்ந்தது. பென்சிலை எடுக்கக் கை துடித்தது. எடுக்கவில்லை. சரஸ்வதியிடம் வம்பு வைத்துக்கொள்கிற நிலையில் நான் இல்லை.

இன்று தாளில் திருத்தினேன். பகல் முழுக்க கரண்ட் இல்லை, ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

19.10.91

நேற்றும் கரண்ட் வரவில்லை; இன்று காலை திருத்தத்தை அடித்து ஓட விட்டதும் சார் ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார். எப்படியும் மத்தியானம் வரை ஆகும் என்ற நினைப்பு. பதினோரு நிமிடத்தில் முடிந்தது. நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்து, திரை அசையாமல் இருப்பதைப் பார்த்து, "மறுபடியும் நின்னுடுச்சா" என்றபடி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"இன்னா முடிஞ்சிடுச்சு? பாதி லிஸ்ட்டைப் போட்டு ஏமாத்தறியா?"

வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்து மறுபடி ஓட்டச் சொன்னார். பதினோரு நிமிடம். முகம் தெளியவில்லை. பட்டியல் முழுவதையும் அச்சடித்து, என்னுடன் டிரேசிங் செய்யும் செங்கமலம் அக்காவிடம் கொடுத்தார். ஒவ்வொரு துளையையும் ஸ்கேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒன்று தப்பினாலும் என் கதை அவ்வளவுதான்.

22.10.91

அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

23.10.91

அக்கா தாள்களை என் மேசையில் போட்டார். "ஒரு தப்பாவது மாட்டும்னு பாத்தேன்டி. கண்ணு வலிதான் மிச்சம்."

24.10.91

காலையில் பர்மனென்ட் லெட்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்ட கையோடு, சார் அடுத்த ஆர்டரையும் நீட்டினார். அறுநூறு பாகங்கள்.

"எவ்ளோ நேரம் ஆவும் காவேரி?"

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.